நாத்தனார் சாட்சி

மோனிஷா எப்போது செத்தாள் என்று அவள் உடம்பை யாரும் கேட்கவில்லை. அவள் கையில் கட்டியிருந்த பட்டையைக் கேட்டார்கள். மாலை ஆறே கால் என்றது அது. டாக்டரும் ஆறே கால் என்று எழுதினார். எனக்கு முன்னால் இந்த ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டரும் அதையே எழுதிவிட்டு, அந்த நேரத்தில் பாழுங்கிணற்றுப் பாதையில் லோடு ஆட்டோவை நிறுத்தி அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்த கிஷோரைப் பிடித்து உள்ளே வைத்தார். கொலை வழக்கு இரண்டே நாளில் முடிந்தது என்று அவருக்குப் பதக்கம் கொடுத்து, பதவி உயர்வும் கொடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். அந்த நாற்காலியில்தான் என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள்.

"தீர்ப்பு வர்ற திங்கக்கெழமைங்க மேடம்," என்றார் ஏட்டு நாச்சிமுத்து. "நீங்க சும்மா போய் நின்னாப் போதும். பட்டை சாட்சி இருக்கு. ஆயுசு தண்டனை உறுதி."

"பையன் என்ன சொல்றான்?"

"அவ வரவே இல்லன்னு சாதிக்கிறான். எல்லாப் பயலும் அப்பிடித்தானே சொல்லுவான்."

"பொணத்த யாராவது ஒழுங்காப் பாத்தீங்களா?"

நாச்சிமுத்து என்னைப் பாவமாகப் பார்த்தார். "எதுக்குங்க மேடம்? அதான் பட்டை சொல்லிருச்சே. ஒருத்தர் நாடி மாதிரி இன்னொருத்தர் நாடி இருக்காதாம். கைரேகை கணக்கா. ஒருத்தரு பட்டைய வேற ஆளு கட்டுனா செவப்பு எரியும். அதான் சட்டமே போட்டுட்டாங்களே, பட்டை பேசுனா வேற சாட்சி வேணாம்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே என் மணிக்கட்டு அதிர்ந்து, தேன் தடவிய பெண் குரல் ஒன்று பேசியது. "உங்கள் நாடி சற்று வேகம். தண்ணீர் குடியுங்கள்."

ஆமாம், எங்களுக்கும் ஒன்று கட்டியிருக்கிறார்கள். போலீசுக்கு, பஸ் டிரைவருக்கு, மில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு. எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் இன்னும் அளவு கிடைக்கவில்லையாம்.

மோனிஷா திண்டுக்கல்லுக்கு வடக்கே உள்ள ஒரு நூற்பு மில்லில் வேலை செய்தாள், அங்கேயே விடுதியில் தங்கியிருந்தாள். பத்தொன்பது வயது. மில்லுக்குப் பின்னால் உள்ள பாழுங்கிணற்றில் மறுநாள் காலையில் அவளைக் கண்டெடுத்தார்கள். தலையில் அடி. பட்டை கிணற்று மேட்டில் முள்ளுக்குள் கிடந்தது. கோப்பில் இருந்ததெல்லாம் பட்டையின் அறிக்கைதான். காலையில் சீரான நாடி. பதினொன்றரை வாக்கில் கொஞ்ச நேரம் தாழ்ந்த நாடி. அதற்கு எதிரே 'ஓய்வு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். பகலெல்லாம் மிசின் முன்னால். ஆறு மணிக்கு மில் கேட்டைத் தாண்டி கிணற்றுப் பக்கம் நடை. பிறகு நாடி செங்குத்தாக ஏறி, சட்டென்று நின்றிருந்தது. அந்த உச்சியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தார்கள். கொலைகாரனைப் பார்த்த பயமாம்.

அறிக்கையின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. 'மாதவிடாய்: இரண்டாம் நாள்.' செத்த பிறகும் ஒரு பெண்ணின் அந்தக் கணக்கு இத்தனை ஆண்களின் மேசைகளைத் தாண்டி வந்திருக்கிறது.

அன்றைக்கு மதியம் மோனிஷாவின் அம்மா பாண்டீஸ்வரி ஸ்டேஷனுக்கு வந்தார். மகளின் கொலுசைக் கேட்டு நாலாவது தடவையாக வருகிறாராம். வழக்குச் சொத்து, இப்போது தர முடியாது என்று மூன்று தடவை விரட்டியிருக்கிறார்கள். நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தப் பையன் பண்ணிருக்க மாட்டான்மா," என்றார். "எனக்கு அவனப் புடிக்காது. சாதி வேற. ஆனா எம் மகளுக்கு ஒரு முள்ளு குத்துனாலும் துடிக்கிறவன். இதச் சொன்னா, பெத்தவளுக்கே புத்தி இல்லன்னு என்னியவே ஏசுறாக."

எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதனால் கேட்டேன். "அன்னிக்கு அவளுக்கு ஒடம்புக்கு முடியாம இருந்துச்சோ? ரெண்டாம் நாள்னு போட்டிருக்கே?"

அவர் முகம் சுருங்கியது. "யாரு சொன்னா?"

"பட்டை."

"பட்டையத் தூக்கி அடுப்புல போடுங்க. அவ அதுக்கு முந்தின வாரந்தானே ஊர்ப் பொங்கலுக்கு வந்துட்டுப் போனா? மொளப்பாரி தூக்குற அன்னிக்குப் பாத்து தூரமாயிட்டா. பட்டுப்பாவாடை எல்லாம் எடுத்து வச்சிட்டு, கோயில் பக்கமே போக முடியாம வீட்டுக்குள்ள கெடந்து ஒரே அழுக. அவ மொளப்பாரிய நாந்தான் தூக்குனேன். அது முடிஞ்சு பத்து நாள்கூட ஆகல, அதுக்குள்ள மறுபடியுமா? பொணமா வந்தவள நாந்தானே குளிப்பாட்டுனேன். எனக்குத் தெரியாதா?"

"இத ஏம்மா அப்பவே சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றார் பாண்டீஸ்வரி.

கொலுசைக் கையெழுத்து வாங்காமலேயே எடுத்துக் கொடுத்தேன். வழக்குச் சொத்தாவது மண்ணாவது.

டாக்டர் நிவேதனுக்குப் போன் போட்டேன். எதற்காக உடம்பின் சூட்டைப் பார்க்கவில்லை என்று கேட்டதற்கு, பட்டை இருக்கும்போது அது எதற்கு என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"சரி சார். வயித்துல என்ன இருந்துச்சு?"

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "இட்லி. கொஞ்சம்."

"மில்லு மெஸ்ஸுல கேட்டுட்டேன் சார். அது காலைல போட்டது. மத்தியானம் அங்க சோறும் சாம்பாரும் முட்டையும். ஆறே காலுக்குச் செத்தவ வயித்துல அந்தச் சோறு எங்க சார்?"

மறுபடியும் தாளைப் புரட்டும் சத்தம். "உங்க பட்டையப் பாருங்க சார்," என்றேன். "தண்ணி குடிக்கச் சொல்லும்." வைத்துவிட்டேன்.

மதியத்துக்கு முன்னாலேயே செத்தவளின் பட்டை, சாயங்காலம் வரைக்கும் மிசின் முன்னால் நின்றிருக்கிறது. யார் கையில்? சிவப்பு எரியாமல் எப்படி? கிளைச் சிறைக்குப் போய் கிஷோரைப் பார்த்தேன். அடி வாங்கி அடி வாங்கி, யூனிபார்மைக் கண்டாலே எழுந்து சுவரோடு ஒட்டிக்கொள்கிறான்.

"அவ வரல மேடம். சத்தியமா. வேற ஒரு பொண்ணுதான் போச்சு. மில்லு தொப்பி, மாஸ்க்கு. மோனின்னு நெனச்சு, 'ஏய் மோனி'ன்னு கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்காம கெணத்துப் பக்கம் ஓடிருச்சு. ஆள் மாறிப் போச்சுன்னு நெனச்சு நான் கெளம்பிட்டேன். இதச் சொன்னதுக்குத்தான் பல்லப் பேத்தாங்க."

மறுநாள் மில்லுக்குப் போனேன். ஃப்ளோர் மேனேஜர் குணாளன் வாசல் வரைக்கும் வந்து வரவேற்றார். வழுக்கையில் சந்தனம், வாய் நிறைய அம்மா, அக்கா. சுவரெல்லாம் பட்டை கம்பெனி விளம்பரம். 'நாடி தாழ்ந்தால் எச்சரிப்போம். பதில் இல்லையென்றால் ஆம்புலன்ஸை அழைப்போம்.'

"நம்ம புள்ளைங்க பாதுகாப்புக்குத்தான்க்கா எல்லாமே," என்றார். "பாவம், நல்ல புள்ள. காதல் கண்ண மறைச்சிருச்சு."

மோனிஷாவின் அறைத்தோழி சுபிக்ஷாவிடம் பேச வேண்டும் என்றேன். தாராளமாகப் பேசச் சொன்னார். பக்கத்திலேயே நின்றுகொண்டார். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தரையைப் பார்த்துத் 'தெரியாது' என்றாள். அவள் தங்கையும் அதே விடுதியில்தான் இருக்கிறாள் என்பதைக் குணாளன் எனக்குத் தானாகவே, இரண்டு தடவை, சொன்னார். எனக்கு எதற்கு அந்தத் தகவல்? அது எனக்கல்ல என்று புரிந்தபோது அந்தச் சந்தனத்தில் ஒரு அறை விட வேண்டும் போல இருந்தது.

விடுதிப் பெண்களை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டன் வேனில் ஏற்றி டவுனுக்குக் கூட்டிவருவாள். சோப்பு, வளையல், பொட்டு வாங்க இரண்டு மணி நேரம். தீர்ப்புக்கு முந்தின ஞாயிறு, நான் சேலை கட்டிக்கொண்டு ஃபேன்சி ஸ்டோரில் வளையல் பக்கம் நின்றேன். வார்டன் ஏ.சி. கடையாகப் பார்த்து ஜூஸ் குடிக்கப் போயிருந்தாள்.

சுபிக்ஷா வளையல் போட்டுப் பார்க்கப் பட்டையை முழங்கைப் பக்கம் ஏற்றினாள். இடது மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது. வலது கையை நீட்டினாள். அங்கேயும் வெளுத்திருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணுக்கும் இரண்டு கையிலும் வெள்ளை வளையம். அதற்கடுத்தவளுக்கும்.

"ஆளுக்கு ஒரு பட்டைதானே?" என்றேன் மெதுவாக. "எதுக்கு ரெண்டு கையிலயும் தழும்பு?"

அவள் என்னை அடையாளம் கண்டு, வளையலைப் போட்டுவிட்டு நகரப் பார்த்தாள். கடைக்காரம்மா எனக்குத் தெரிந்தவர். சரக்கு அறைக்குள் எங்களை விட்டு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு சொன்னாள். "நாத்தனார ஏமாத்துறது எல்லாருந்தான் மேடம்."

"நாத்தனாரா?"

"பட்டையத்தான் அப்பிடிச் சொல்லுவோம். கூடவே இருந்து கோள் சொல்லும்ல. மொத வாரந்தான் அது நம்ம நாடியப் படிக்கும். அந்த வாரம் ஒரே ரூம்ல மூணு பேரு மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டா, மூணு பேரையும் ஒரே ஆளுன்னு படிச்சிரும். பழைய அக்காமாரு சொல்லிக் குடுத்தது."

"எதுக்குடி?"

"தூரமானா அது ஆபீசுக்குச் சொல்லிரும். ஒடனே மாத்திரை. கவர்ல பேரே இருக்காது. வலி தெரியாது, மிசினு நிக்காது. ஆனா அப்புறம் ரெண்டு மாசம், மூணு மாசம் வராமலே போயிரும். கல்யாணம் ஆகிப்போன ஒரு அக்காவுக்கு இன்னும் கொழந்த தங்கல. அதனால, முடியாதவ பட்டைய முடிஞ்சவ போட்டுக்குவா. ஒருத்தி ரெண்டு மிசினு பாப்பா. முடியாதவ பஞ்சு மூட்டைக்குப் பின்னால கொஞ்சம் சாஞ்சுக்குவா."

ஒருத்தியின் வலியை இன்னொருத்தி தன் கையில் கட்டிக்கொள்கிறாள். இத்தனை விஞ்ஞானிகளும் ஒரு சட்டசபையும் சேர்ந்து கண்டுபிடிக்காத ஓட்டையை, பத்தாவது தாண்டாத பிள்ளைகள் வலி தாங்காமல் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"ஆபீசுக்குத் தெரியாதா?"

"குணாளன் சாருக்குத் தெரியும். மேல உள்ளவங்களுக்கும் தெரியும்னு அவரே சொல்லுவாரு. நூல் வந்தாச் சரி. ஆனா அவரு அத வச்சே ஒவ்வொருத்தியா குடோனுக்குக் கூப்பிடுவாரு. வரலன்னா பட்டை மோசடின்னு கேஸ் போடுவேம்பாரு." அவள் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள். "அன்னிக்கு எனக்குத்தான் ரெண்டாம் நாள். மோனி என் பட்டையப் போட்டுக்கறேன்னா. மத்தியானத்துக்கு மேல போட்டுக்கன்னு சொன்னேன். அதுக்குள்ள அவரு அவளக் கூப்பிட்டாரு. கேஸ் போடு, நானும் எல்லாத்தையும் சொல்றேன்னு சொல்லிட்டுத்தான் மேடம் போனா."

"அப்புறம்?"

"கொஞ்ச நேரத்துல என்னையக் கூப்பிட்டாரு. குடோன் படிக்குக் கீழ கெடந்தா. தலையில ரத்தம். பக்கத்துல போகப் போனேன். செத்துட்டா, தொடாதன்னாரு. அவ பட்டைய அவரு கையில வச்சிருந்தாரு. அத எங்கையில மாட்டிவிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் வேல பாத்துட்டு, கெணத்துக்கிட்ட போயி கழட்டிப் போட்ருன்னாரு. இல்லன்னா உன் தங்கச்சி அடுத்துன்னாரு. என் பட்டைய ரூம்ல இன்னொருத்தி போட்டுக்கிட்டா. மோனிய கழிவுப் பஞ்சு வண்டியில வச்சுத்தான் கெணத்துக்குக் கொண்டு போயிருக்காரு." அவள் தன் மணிக்கட்டைத் தடவினாள். "பட்டை சூடா இருந்துச்சு மேடம். இன்னும் அந்தச் சூடு போகல."

நாளைக்குக் கோர்ட்டில் இதைச் சொன்னால் உன்னை அப்ரூவராக மாற்றப் பாடுபடுவேன், உன் தங்கையை இன்றைக்கே வெளியே எடுக்கிறேன் என்றேன். சொல்லவில்லை என்றால் கிஷோருக்கு ஆயுள் தண்டனை என்பதையும் சொன்னேன். அவள் பட்டையை மறுபடி மணிக்கட்டுக்கு இறக்கிக்கொண்டாள். வார்டன் கூப்பிடும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

தங்கையை அன்று மாலையே, பாட்டி சாவு என்று ஒரு பொய் சொல்லி, பெண் போலீசை மாமி வேஷத்தில் அனுப்பி வெளியே எடுத்தேன். டி.எஸ்.பி. போனில் குதித்தார். முடிந்த வழக்கைக் கிளறாதே, பட்டை பொய் சொல்லும் என்று ஒரு தடவை நிரூபணமானால் மாநிலம் முழுக்க எத்தனை வழக்கு அவிழும் தெரியுமா என்றார். எனக்குத் தெரியும். அதனால்தான் கிளறுகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை கோர்ட்டில், தீர்ப்புக்கு முன் கடைசி வாதமாக, சர்க்கார் வக்கீல் பெரிய திரையில் அந்த வரைபடத்தைப் போட்டார். சிவப்பு வட்டத்தைக் குச்சியால் தொட்டார். "கனம் நீதிபதி அவர்களே, இதுதான் மோனிஷாவின் கடைசிப் பயம். தன்னைக் கொல்ல வந்தவனைப் பார்த்த நொடி. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?"

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கூண்டுக்குள் கிஷோர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில், நான் சம்மன் கொடுத்து வரவழைத்திருந்த சுபிக்ஷா எழுந்தாள்.

"அது என் நெஞ்சுங்கம்மா," என்றாள். "மோனிது இல்ல. கிஷோர் அண்ணன் என்னையப் பாத்து 'மோனி'ன்னு கூப்பிட்டுச்சு. செத்தவ பேரச் சொல்லி என்னையக் கூப்பிட்டுச்சு. அதுல எகிறுனது."

கோர்ட் கொந்தளித்தது. பட்டை கம்பெனி வக்கீல் எழுந்து, இது அறிவியலுக்குப் புறம்பு, ஒரு நாடியை இன்னொரு நாடியாகப் பட்டை ஏற்காது என்று சத்தம் போட்டார். நீதிபதி அம்மாள் அவரைக் கையமர்த்தினார். "ரொம்ப நல்லது. அப்படியென்றால் சோதித்துப் பார்ப்பதில் உங்களுக்கு என்ன பயம்?"

முத்திரை போட்ட உறையைப் பிரித்து, சார்ஜ் ஏற்றி, அந்தப் பட்டையை சுபிக்ஷாவின் கையில் கட்டினார்கள். பட்டை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சை எரிந்தது.

"வணக்கம் மோனிஷா. உங்கள் நாடி சற்று வேகம். தண்ணீர் குடியுங்கள்."

பாண்டீஸ்வரி எழுந்து, மகள் பெயரைச் சொன்ன அந்தக் கையை நோக்கி இரண்டு அடி வைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிஷோர் அன்றைக்கே வெளியே வந்தான். குணாளனை மில்லிலேயே வைத்துத் தூக்கினேன். சந்தனம் கலையாமல்தான் ஜீப்பில் ஏறினார், அது ஒன்றுதான் என் குறை. மூன்றே நாளில் பட்டை கம்பெனி ஒரு அறிக்கை விட்டது. தவறு பயன்படுத்தியவர்களுடையதாம். அடுத்த மாதம் புது மாடல் வருகிறதாம், கையில் பூட்டிவிட்டால் கழற்றவே முடியாதாம். மாத்திரையைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. பட்டையை நம்பி உள்ளே போட்ட மற்றவர்களைப் பற்றியும் இல்லை.

குணாளன் மேல் குற்றப்பத்திரிகை எழுதுவதற்காக அந்த வரைபடத்தை மறுபடி எடுத்து விரித்தேன். இந்தத் தடவை சிவப்பு வட்டத்தைப் பார்க்கவில்லை. பதினொன்றரையைப் பார்த்தேன். நாடி எகிறி, பிறகு இறங்கி, இறங்கி, மெலிந்து ஓடியிருந்தது. 'ஓய்வு' என்று எழுதியிருந்தார்களே, அந்த இடம். அது நிற்கவில்லை. அவள் நாடி நின்றதற்கான தட்டைக் கோடு அங்கே இல்லை. சின்னதாக ஒரு இடைவெளி, அதற்கப்புறம் வேறொரு நாடி, வேகமாக. இடைவெளிக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் எழுத்தில் இரண்டு வரி.

'தாழ் நாடி எச்சரிக்கை. பயனர் ரத்து செய்தார்.'

மோனிஷா படிக்குக் கீழே உயிரோடு கிடந்திருக்கிறாள். பட்டை ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பார்த்திருக்கிறது. அந்த நாய் அதை அமுக்கிவிட்டுக் கழற்றியிருக்கிறான். இத்தனை பேர் பார்த்த தாளில், இத்தனை நாளும் இது கிடந்திருக்கிறது. மேசையை ஓங்கிக் குத்தினேன். டீ கிளாஸ் விழுந்து உடைந்தது.

எதிரில் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வந்து உட்கார்ந்திருந்தாள் சுபிக்ஷா. கிளாஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். அவள் வலது கை, இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கவா? அவரு எங்கையில மாட்டுறப்ப..." விரித்திருந்த தாளைப் பார்த்தாள். "அப்ப மோனிக்கு உசுரு இருந்துச்சா?"

என்றைக்காவது கோர்ட்டில் தெரியத்தான் போகிறது. ஆனால் இன்றைக்கு வேண்டாம். மோனிஷா வயதுப் பிள்ளை, இதைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தேன்.

"இல்லடி. விழுந்த ஒடனே போயிருச்சு. டாக்டரே சொல்லிட்டாரு."

என் மணிக்கட்டு அதிர்ந்தது. "உங்கள் நாடி சற்று வேகம். தண்ணீர் குடியுங்கள்."

கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். சுபிக்ஷா இரண்டு வருஷம் நாத்தனாரோடு குடித்தனம் செய்தவள். அந்தக் குரல் எப்போதெல்லாம் வரும் என்று அவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மேசையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து, என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"குடிங்க மேடம்," என்றாள்.